பக்கத்துத் துண்டு

ஆய்வுகூடத்தில் அவளுக்குப் பெயரில்லை.
பத்தொன்பது, சாய்கோடு, நானூற்றுப் பன்னிரண்டு.
தீப்பெட்டியிலும் சிறிய மெழுகுக் கட்டி,
நடுவில் புளியங்கொட்டை அளவு
வெளிறிய தசை.

நாலு மைக்ரோன் கனத்தில் சீவினால்
இளஞ்சூட்டு நீரில் நாடாவாய் மிதக்கும்.
மூச்சுப் பட்டாலே சுருளும்.
சீவும்போது நாங்கள் பேசுவதில்லை.
மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம்,
மட்டக்களப்பு மே மாதத்திலும்.

எந்தப் பெண்ணின் மார்புக் கட்டி வந்தாலும்
ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தேடும் தகட்டின் ஓரத்தில்
இவளுடைய சீவல் ஒன்றும் ஏறும்,
சாட்சிக்கு.
இவளிடம் அது நிறைய. எட்டுக்கு எட்டு.
சாயம் பிடித்தால் கருக்கள் எல்லாம்
இரண்டாம் நாள் மருதோன்றி நிறம்.
சிவந்திட்டாள் என்போம்.
சிவக்காவிட்டால் பிழை எங்களுடையது:
மருந்து பழசாகியிருக்கும்,
அல்லது தகடுகள் வேகும் குக்கர்
விசிலடிக்குமுன் கரண்ட் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஏறாவூரிலிருந்து ஒரு கட்டி.
வயது முப்பத்துமூன்று.
டொக்டர் றிஸ்மியா புள்ளி போடுகிறார்.
குழாய் கட்டவே மறந்துபோன செல்கள்: மூன்று.
ஒன்றைப்போல் ஒன்றில்லாத கருக்கள்: மூன்று.
பிறகு, பிளவுபடும் செல்களை எண்ணத் தொடங்கினார்.
கையிலிருந்த எண்ணியின் டிக், டிக்
நிற்கவே இல்லை.
நான் எழுந்து குழாயடியில் சும்மா கை கழுவினேன்.
அதுவும் மூன்று.
மொத்தம் ஒன்பது. மூன்றாம் தரம்.

சாயத் தகடுகள் மறுநாள்.
ஈஸ்ட்ரோஜன் நீலம்.
புரோஜெஸ்டரோன் நீலம்.
ஹெர்-டூவுக்குச் சாட்சி வேறொருத்தி; அங்கும் நீலம்.
கேஐ அறுபத்தேழு மட்டும்
பத்துக் கருவில் எட்டில் சிவந்து கிடந்தது,
அது சிவக்காமல் இருந்திருக்கலாம்.

சாயம் பிழைத்திருக்கட்டும் என்று
உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு
தகட்டை ஓரத்துக்கு நகர்த்தினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு
வழக்கம்போல் சிவந்திருந்தாள்.
அவள் சிவந்ததால் இந்த நீலம் மெய்.
ஒரு தடவை, ஒரேயொரு தடவை,
பொய் சொல்லியிருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை கவுண்டரில் ஒரு பெண்.
"வெள்ளத்தில கிளினிக் கொப்பி ஊறிப்போச்சு.
பழைய ரிப்போட்டு ஒண்டு எடுக்கலாமா?"
சோதிமலர். செங்கலடி. சட்டை தைக்கிறவ.
பதிவேட்டில் ஓடிய என் விரல்
ஒரு வரியில் நின்றது.
பத்தொன்பது, சாய்கோடு.

ஆறு வருடமாய் உயிரோடு,
கையில் குடையோடு.

"வெட்டினத்த என்னகா செஞ்ச நீங்க?
எரிச்சயா, தாட்டயா?"
சொல்லலாமா என்று தெரியவில்லை.
சொன்னேன்.
அவள் கைப்பையைத் திறந்து
ஒரு பச்சைத் துணித்துண்டை எடுத்தாள்.
"நூல் வாங்கப் போறன்.
துண்டு இல்லாமப் போனா
கடை லைட்டுக்கு எல்லாப் பச்சையும் ஒண்டுதான்.
மறுகா ஊட்ட வந்து வெயில்ல பாத்தா
வேறயா நிக்கும்."
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப நான் உங்கட துணித்துண்டு."

எவ்வளவு மிச்சம் என்று கேட்டாள்.
அறுபது சீவல் வரும் என்றேன்.
"முடிஞ்சா?"
"வேற ஆளைத் தேடவேணும்."
"நல்லாச் சிவக்கிறவளாப் பாருங்க."
சிரிக்காமல்தான் சொன்னாள்.

பிரதியை உறையில் இட்டுக் கொடுத்தேன்.
எந்தப் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது என்று
அவள் சட்டையில் கண்டுபிடிக்க முடியவில்லை.
வாசலில் வெயில். பச்சைத் துண்டை விரித்து
ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

தட்டில் ஏறாவூர் உறை இன்னும் கிடக்கிறது.
பின்னேரம் அவளுடைய நானா வருவாராம்.